இனிப்புக்குள் ஒரு பிடி பயறு

“பயறு அவிச்சு வைச்சால் பிள்ளையள் திரும்பியும் பாக்காயினம் பாதர். பிஸ்கட் எண்டால் பக்கற் முடிஞ்ச பிறகுதான் எழும்புவினம்.” கிராமக் கூட்டங்களில் தாய்மார் எம்மிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு இது. சொல்பவர்கள் பயறும் கௌபியும் விதைத்து, பிடுங்கி, அடித்துத் தூற்றும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அறுவடை முடிந்ததும் மூட்டை சந்தைக்குப் போகிறது. மூட்டை விற்ற காசில் ஒரு பங்கு பிஸ்கட்டாகவும் பணிஸாகவும் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. சத்து வெளியே போகிறது. மாவும் சீனியும் உள்ளே வருகின்றன.

கேக்கையும் பணிஸையும் வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. குழந்தையின் நாக்கு இனிப்பைத் தேடத்தான் செய்யும். நத்தாருக்கும் பொங்கலுக்கும் முதல் நற்கருணைக்கும் ஒரு தட்டுப் பலகாரம் வைக்க வழியில்லாத வீட்டின் வேதனையை இடம்பெயர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள். அந்த இனிப்புக்குள்ளேயே எமது விளைச்சலைச் சேர்ப்பது எப்படி, அதனால் கிடைக்கும் நன்மை எவ்வளவு, அதன் எல்லை எது என்பவற்றையே இங்கு பார்க்கப் போகிறோம்.

மாவுக்குப் பழகிய நாக்கு

1990 ஆம் ஆண்டில் மடுத் திருத்தல வளவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தஞ்சம் புகுந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். 2009 இல் வன்னி மக்கள் செட்டிகுளம் முகாம்களுக்குள் வைக்கப்பட்டார்கள். அவற்றில் எஞ்சியிருந்த பகுதி மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில்தான். இந்த இடங்களில் குடும்ப அட்டைக்குக் கிடைத்த உலர் உணவு பெரும்பாலும் ஒரே வகையானது: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அது பல உயிர்களைக் காத்தது. அதற்கு நன்றியுடையவர்களாக இருக்கிறோம்.

ஆனால் நாக்குக்கு ஞாபகசக்தி உண்டு. நிவாரண மாவில் சுட்ட ரொட்டியும் சீனித் தேநீரும் உண்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய் தந்தையராகிவிட்டார்கள். குரக்கனும் பயறும் எள்ளும் சுவைத்து வளரும் வாய்ப்பு அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. காணி கைவிட்டுப் போனபோது காணியில் விளைந்தவற்றின் சுவையும் ஒரு தலைமுறைக்குக் கைவிட்டுப் போயிற்று. காணி திரும்பக் கிடைத்த சிலருக்கும் அந்தச் சுவை தானாகத் திரும்பி வருவதில்லை.

கோதுமை எமது நாட்டில் விளைவதில்லை. 2022 இல் நாட்டில் டொலர் தட்டுப்பாடும், அதே ஆண்டு உக்ரேனில் மூண்ட போரும் சேர்ந்தபோது கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் எங்கே போயின என்பது எவருக்கும் மறந்திருக்காது. தூர தேசத்து வயலையும் கப்பலையும் நம்பியிருக்கும் அடுப்பு எந்த நேரமும் அணையக்கூடிய அடுப்பு. பயறு அப்படியல்ல. காலபோக நெல் அறுத்தபின் வயலில் மிஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டே அறுபது எழுபது நாளில் காய் தரக்கூடிய பயிர் அது. வேரில் உள்ள முடிச்சுகளால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து, அடுத்த பயிருக்கு மண்ணில் கொஞ்சம் உரத்தையும் விட்டுச் செல்லும்.

இறைவாக்கினர் சுட்ட அப்பம்

மாவுடன் பயறு சேர்த்துச் சுடுவது புதிய யோசனை அல்ல. விவிலியத்தில் எசேக்கியேல் நூலின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கோதுமை, வாற்கோதுமை, அவரை, பருப்பு வகை, சிறுதானியங்கள் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் இட்டு அப்பம் சுடும்படி இறைவாக்கினருக்குக் கட்டளை கிடைக்கிறது. நாளொன்றுக்கு இருபது செக்கேல், அதாவது ஏறத்தாழ கால் கிலோ, அளந்து உண்ண வேண்டும்.

எசேக்கியேல் தாமே இடம்பெயர்க்கப்பட்டவர். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்களோடு வாழ்ந்தவர். அவர் சுட்ட அப்பம் முற்றுகைக்குள் அகப்பட்ட நகரின் பசிக்கு அடையாளம்: ஒவ்வொரு பானையின் அடியிலும் எஞ்சியிருந்ததை வழித்துச் சேர்த்த அப்பம். அதை ஆரோக்கியச் சமையல் குறிப்பாக வாசிப்பது சரியல்ல. என்றாலும் வறுமை ஒன்றாகக் கலந்த அந்தத் தானியமும் பயறும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் என்பதை இன்றைய உணவியல் உறுதி செய்கிறது. அரிசி, கோதுமை ஆகியவற்றின் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு; பயறு வகைகளில் அது போதியளவு உண்டு. பயறில் குறைவாக உள்ள மெதியோனின் என்ற கூறு தானியத்தில் உண்டு. சோறும் பருப்பும், பிட்டும் பயறும் என்று எமது முன்னோர் சேர்த்து உண்டதன் பொருள் இதுவே.

பாட்டிமாருக்குத் தெரிந்த வித்தை

பயறை இனிப்புக்குள் ஒளிப்பதிலும் எமது பாட்டிமார் கைதேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரத்தைக் கடித்துப் பாருங்கள். வெளியே மாத் தோல், உள்ளே வறுத்த பயற்றம் மாவும் தேங்காய்ப்பூவும் சீனிப் பாகும். மோதகத்துக்குள்ளும் கொழுக்கட்டைக்குள்ளும் இருப்பது அவித்த பயறும் சர்க்கரையும் தேங்காயும். சிங்கள மக்களின் முங் கெவும் பலகாரத்திலும் பயற்றம் மாதான் முதன்மை. சுகாதார நிலையங்களில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கவென 1973 இல் தொடங்கப்பட்ட திரிபோஷாவில் சோளத்துடன் சோயா அவரை சேர்கிறது. அதைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்த தாய்மார் எல்லோரும் இந்த வித்தையைச் செய்தவர்களே.

பிற நாட்டிலும் இது உண்டு. யப்பானின் ரோக்கியோ நகரில் 1874 இல் யசுபேய் கிமுரா என்பவர், இனிப்பான சிவப்பு அசுக்கிப் பயற்று விழுதை உள்ளே வைத்துப் பணிஸ் சுட்டார். பாண் என்றால் முகம் சுளித்த மக்கள் அதைத் தேடி வந்தார்கள். அடுத்த ஆண்டு அது பேரரசரின் மேசைக்கே போயிற்று. இன்றும் அது அங்கு அன்றாடப் பலகாரம். அமெரிக்காவில் எலைஜா முகம்மதுவைப் பின்பற்றிய கறுப்பின முஸ்லிம்கள் வெள்ளை அவரையை அரைத்து முட்டையும் பாலும் சேர்த்து இனிப்புப் பை சுட்டு, நகரத் தெருக்களில் விற்றார்கள். அடிமைத்தனம் தங்கள் மீது சுமத்திய உணவுப் பழக்கத்திலிருந்து விடுபடும் வழிகளில் ஒன்றாக அதை அவர்கள் கண்டார்கள். பறிபோன மதிப்பை அடுப்படியிலிருந்து மீட்கலாம் என்று எண்ணிய மக்கள் அவர்கள்.

எமது பழைய பலகாரங்களில் பல எண்ணெயில் பொரிப்பவை. சுட்டெடுத்தால் எண்ணெய் மிச்சம். உடலுக்குச் சேரும் கொழுப்பும் குறைவு. ஆகவே பாட்டிமாரின் உள்ளீட்டை எடுத்துப் போறணையில் வைத்தால் என்ன என்பதே எமது கேள்வி.

பயறு என்ன தருகிறது

காய்ந்த பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும் 16 கிராம் நார்ச்சத்தும் உண்டு. கௌபியிலும் புரதம் ஏறத்தாழ அதே அளவு. வெள்ளைக் கோதுமை மாவில் புரதம் 10 கிராம், நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. இரும்புச்சத்திலும், கர்ப்பிணித் தாய்மாருக்கு மிகவும் வேண்டிய போலேற்று என்ற உயிர்ச்சத்திலும் பயறும் கௌபியும் வெள்ளை மாவைவிடப் பல மடங்கு மேலானவை. சீனியில் இவை எதுவும் இல்லை.

சுடும்போதும் பயறு தன் வேலையைச் செய்கிறது. அவித்து அரைத்த விழுது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மாஜரினைக் குறைத்தாலும் கேக் வறண்டு உதிராது. மாவின் இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் கோதுமை மாவிலுள்ள பசைத்தன்மை பயறில் இல்லை. ஆகவே பாண், பணிஸ் போன்று பொங்கி எழ வேண்டிய மாவில் காற்பங்குக்கு மேல் பயற்றம் மா சேர்த்தால் அது கல்லாகிவிடும். பிஸ்கட்டில் பாதி வரை சேர்க்கலாம். முட்டை சேரும் கேக்கில் கோதுமை மாவே இல்லாமலும் சுடலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

1. கௌபியையும் முழுப் பயறையும் இரவு முழுவதும் ஊறவிட்டு, அந்த நீரை ஊற்றிவிட்டுப் புதிய நீரில் அவிக்க வேண்டும். இதனால் வயிற்றுப் பொருமல் குறையும். இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்குத் தடையாக உள்ள பொருட்களும் ஓரளவு நீங்கும்.

2. விரலிடையே நசித்தால் களியாக வரும்வரை அவிக்க வேண்டும். அரைவேக்காட்டுப் பயறுதான் “பச்சை மணம்” என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கக் காரணம். கெதியாக அவிய அப்பச்சோடா போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது. பீ உயிர்ச்சத்துகளில் ஒன்றை அது அழித்துவிடும்.

3. கடையில் வாங்கும் பெரிய சிவப்பு அவரை விதையில் மிகுந்த கவனம் தேவை. சரியாக அவியாவிட்டால் அதிலுள்ள நச்சு கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். ஐந்து மணி நேரமாவது ஊறவிட்டு, நீரை மாற்றி, நன்கு கொதிக்கும் நிலையில் அரை மணி நேரம் அவிக்க வேண்டும். மெல்லிய தணலில் வாட்டினால் போதாது. அந்த அவரையைப் பச்சையாக மாவாக்கிக் கேக்கில் சேர்க்கவே கூடாது.

4. அவித்ததை நன்கு வடித்து, அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ மை போல அரைக்க வேண்டும். கௌபித் தோல் நாக்கில் பட்டால் ஒளித்தது வெளியே வந்துவிடும். ஆகவே அரைத்த விழுதை அரிதட்டில் தேய்த்து எடுத்தால் நல்லது. உலர் உணவாகக் கிடைக்கும் மைசூர்ப் பருப்புக்குத் தோல் இல்லை. ஊறவிடாமலே கெதியாக மசியும். கையில் அதுதான் இருந்தால் அதையே பாவிக்கலாம்.

5. பயற்றம் மா வேண்டுமானால் பயறைப் பொன்னிறமாக வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, திரித்து அரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போறணை இல்லாதவர்களுக்கு

வீட்டில் போறணை இல்லையே என்று நிற்க வேண்டியதில்லை. பழைய தடித்த பானை ஒன்றில் இரண்டு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணலைப் பரப்புங்கள். மணலின் மேல் மூன்று சிறு கற்கள். கற்களின் மேல் கேக் தட்டு. பானையைத் தட்டையான இரும்பு மூடியால் மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்புங்கள். கீழே மெல்லிய நெருப்பு, மேலே தணல். தேங்காய்ப் பலகாரமான பிபிக்கனை ஊர்களில் சுட்டு வந்த முறையும் இதுவே.

தட்டை உள்ளே வைக்க முன் கால் மணி நேரம் பானையைச் சூடாக்க வேண்டும். சூட்டை அறிய ஒரு சிறு தகரத் துண்டில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவி உள்ளே வையுங்கள். ஐந்து நிமிடத்தில் அது பொன்னிறமானால் கேக்குக்கு ஏற்ற சூடு. கறுத்தால் தணலைக் குறையுங்கள். வெள்ளையாகவே இருந்தால் கூட்டுங்கள். தணல் மூடியைத் திறக்கும்போது சிறுபிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மூன்று பலகாரங்கள்

அளவுக்குச் சாதாரண தேநீர்க் கோப்பை ஒன்றை (200 மில்லிலீற்றர்) வைத்துக்கொள்ளுங்கள்.

கௌபி கேக்: காய்ந்த கௌபி முக்கால் கோப்பையை ஊறவிட்டு அவித்து வடித்தால் தேவையான 250 கிராம் விழுது கிடைக்கும். இதனுடன் முட்டை 3, சீனி அல்லது தூளாக்கிய பனங்கட்டி முக்கால் கோப்பை, தேங்காய் எண்ணெய் அல்லது உருக்கிய மாஜரின் 4 மேசைக்கரண்டி, கொக்கோத் தூள் 4 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, வனிலா 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. முட்டையையும் சீனியையும் நுரைக்க அடித்து, விழுதையும் எண்ணெயையும் சேர்த்து, கடைசியாகத் தூள்களைக் கலந்து, எண்ணெய் பூசிய தட்டில் ஊற்றி 30 முதல் 35 நிமிடம் சுட வேண்டும். ஈர்க்கால் குத்தினால் மா ஒட்டாமல் வர வேண்டும். கொக்கோ கிடைக்காவிட்டால் வறுத்த அரிசி மா 4 மேசைக்கரண்டியும் கோப்பித் தூள் 2 தேக்கரண்டியும் சேர்க்கலாம். இந்தக் கேக் உயரமாக எழாது. ஈரமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். நன்கு ஆறியபின் வெட்டினால் 16 துண்டுகள். ஈரப்பசை கூடியதால் இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

பயற்றம் பிஸ்கட்: வறுத்த பயற்றம் மா 1 கோப்பை, கோதுமை மா 1 கோப்பை, தூளாக்கிய சீனி அரைக் கோப்பை, மாஜரின் 100 கிராம், முட்டை 1, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள், உப்பு. மாஜரினையும் சீனியையும் குழைத்து முட்டையைச் சேர்த்து, மாக்களையும் தூள்களையும் கலந்து பிசைந்து, சிறு உருண்டைகளாக்கித் தட்டி 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். ஏறத்தாழ 40 பிஸ்கட் வரும். முற்றாக ஆறியபின் காற்றுப் புகாத போத்தலில் வைத்தால் பல நாள் இருக்கும். பாடசாலைக்குக் கொடுத்துவிட ஏற்றது.

பயறு வைத்த பணிஸ்: கோதுமை மா 3 கோப்பை, ஈஸ்ற் ஒன்றரைத் தேக்கரண்டி, சீனி 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இளஞ்சூட்டு நீர் 1 கோப்பை. பிசைந்து ஒரு மணி நேரம் பொங்கவிட வேண்டும். தோல் நீக்கிய பயறு 1 கோப்பையை நீர் வற்ற அவித்து மசித்து, அரைக் கோப்பை சர்க்கரை, ஒரு பிடி தேங்காய்ப்பூ, ஏலக்காய் சேர்த்து அடுப்பில் கிளறி இறுக்கினால் உள்ளீடு தயார். மாவைப் பன்னிரண்டு உருண்டையாக்கி, ஒவ்வொன்றிலும் உள்ளீட்டை வைத்து மூடி, அரை மணி நேரம் மீண்டும் பொங்கவிட்டு 20 நிமிடம் சுட வேண்டும். மோதகம் செய்யப் பழகிய கைக்கு இது பெரிய வேலை அல்ல.

நேர்மையான கணக்கு

இவற்றை உண்டால் பிள்ளை கொழுகொழு என்று வளர்ந்துவிடும் என்று சொல்வது பொய். கணக்குப் பார்ப்போம். கௌபி கேக் முழுவதிலும் கௌபியும் முட்டையும் தரும் புரதம் ஏறத்தாழ 37 கிராம். பதினாறு துண்டாக்கினால் ஒரு துண்டில் 2 கிராமுக்குச் சற்று மேல். அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடிய அவித்த கௌபியை, அதாவது 85 கிராமை, தேங்காய்ப்பூவுடன் உண்டால் 6 கிராமுக்கு மேல் கிடைக்கும். பயற்றம் பிஸ்கட்டைக் கோதுமை மாவில் மட்டும் சுட்டால் மொத்தம் 28 கிராம் புரதம். பாதியைப் பயற்றம் மாவாக்கினால் 43 கிராம். அதே செலவில், அதே அடுப்பில் ஒன்றரை மடங்கு. நல்லதுதான், ஆனால் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அது ஈடாகாது.

சீனியையும் மறக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சேர்த்துக்கொள்ளும் சீனி ஒரு நாளுக்குரிய சக்தியில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். வளர்ந்தவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது. எமது கௌபி கேக்கின் ஒரு துண்டில் ஏறத்தாழ 8 கிராம் சீனி. ஒரு இறாத்தல் மாவுக்கு ஒரு இறாத்தல் சீனியும் ஒரு இறாத்தல் பட்டரும் சேரும் கேக்கோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆயினும் பனங்கட்டி சேர்த்தோம், பயறு சேர்த்தோம் என்று சொல்லி நீரிழிவு உள்ள பெரியவர்கள் துண்டு துண்டாக எடுத்துவிட வேண்டாம். பனங்கட்டியும் சீனியின் உறவுதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இனிப்புப் பலகாரமே வேண்டாம். மசித்த பயறும் சோறும் போதும்.

இன்னொரு சிறு விடயம். பயறிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. கொய்யாப்பழம், தோடம்பழம், தேசிக்காய்ச் சாறு போன்றவற்றை உடன் கொடுத்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஆகவே கேக்கும் தேநீரும் என்ற பழக்கத்தைப் பிள்ளைகளுக்காவது மாற்றி, கேக்கும் கொய்யாவும் என்று ஆக்கலாம்.

ஒளிப்பது முறையா?

ஒரு கூட்டத்தில் நாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வயதான அம்மா ஒருவர் எழுந்து, “பிள்ளையளுக்குப் பொய் சொல்லாதேங்கோ எண்டு பூசையிலை சொல்லுறியள். இப்ப கேக்குக்குள்ளை ஒளிச்சுக் குடுக்கச் சொல்லுறியளே பாதர்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது.

எமது விடை இதுதான். நாக்குக்குத் தெரியாமல் வைக்கலாம். ஆளுக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது. முட்டை, சோயா, சில பயறு வகைகள் ஒரு சிலரது உடலுக்கு ஒத்துக்கொள்ளாது. தோல் தடித்து மூச்சு முட்டவும் கூடும். ஆகவே அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும்போதும், கோயில் திருவிழாவில் விற்கும்போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியே கொடுக்க வேண்டும். தங்கள் பிள்ளைகளுக்கோ, சாப்பிட்டு முடித்து “இன்னும் ஒண்டு தாங்கோ” என்று கேட்கும் வேளையில் சொல்லுங்கள்: இது அப்பா விதைச்ச கௌபி, நீ களை பிடுங்கின பாத்தியிலை காய்ச்சது என்று. பிடிக்காது என்று நினைத்தது தனக்குப் பிடித்திருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். அடுத்த கிழமை விழுதைக் கொஞ்சம் கரடுமுரடாக அரையுங்கள். அதற்கடுத்த கிழமை முழுப் பயறாகவே சர்க்கரையும் தேங்காயும் சேர்த்து வையுங்கள். கேக்குக்குள் ஒளிந்த பயறு ஒரு நாள் தட்டுக்கு வெளிப்படையாக வந்து சேர வேண்டும். வந்து சேராவிட்டால் நாம் சுட்டது இன்னொரு கேக் மட்டுமே.

ஒரு மரக்கால் ஒதுக்குவோம்

இவை எல்லாவற்றுக்கும் முதல் படி அடுப்படியில் இல்லை; களத்து மேட்டில் இருக்கிறது. அறுவடை நாளில் முழு மூட்டையும் வியாபாரியின் லொறியில் ஏறிவிட்டால், பிறகு அதே பயறைக் கடையில் கூடிய விலைக்கு வாங்க மனம் வராது. ஆகவே தைத்துக் கட்ட முன் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு மரக்கால் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். விதைக்கு ஒதுக்குவது போல வயிற்றுக்கும் ஒதுக்க வேண்டும்.

ஒதுக்கியதை வண்டு தின்னாமல் காப்பது கடினமல்ல. பல்லால் கடித்தால் “டக்” என்று உடையும்வரை வெயிலில் காயவிடுங்கள். கிலோ ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி, இறுக மூடும் போத்தலிலோ தகரத்திலோ நிரப்பி வையுங்கள். எண்ணெய் பூசிய மணியில் வண்டின் முட்டை பொரிப்பது அரிது. சமைக்க முன் கழுவினால் போதும்.

மாதர் சங்கங்கள் இதை ஒன்றாகச் செய்தால் இன்னும் நல்லது. ஒரு போறணைப் பானையைச் சுற்றி ஐந்து குடும்பம் கூடினால் விறகு மிச்சம், கதையும் நடக்கும், ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிய வரும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிழமையில் ஒரு நாள் பயற்றம் பிஸ்கட் கொடுக்கும் பொறுப்பை முறை வைத்து ஏற்கலாம். நிவாரண வரிசையில் கையேந்தி நின்ற எமது மக்கள், தங்கள் விளைச்சலைத் தங்கள் கையால் தங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுவது பெரிய காரியம். அதற்கு ஒரு பிடி பயறே தொடக்கமாகட்டும்.

அடுத்த நத்தாருக்கு உங்கள் வீட்டுத் தட்டில் ஒரு துண்டாவது கௌபி கேக் இருக்கட்டும். செய்து பார்த்தவர்கள் எது சரி வந்தது, எது சரி வரவில்லை, என்ன மாற்றம் செய்தீர்கள் என்று எமக்கு எழுதுங்கள். ஒரு கிராமத்தில் கண்ட வழி மற்றக் கிராமத்துக்கும் உதவும்.